தோணியில குடியிருக்கலாமா?

படகையே வீடாக்கிக்கொண்ட வெள்ளைக்காரச் சோடி ஒன்றின் வீடியோக்களை மூன்று இரவு விடாமல் பார்த்தேன். வாடகை இல்லை, வேலிச் சண்டை இல்லை. நாலாம் நாள் பக்கத்து வளவு மாமாவிடம் கேட்டேன். நாற்பது வருசமாக மட்டக்களப்பு வாவியில் வலை போடுகிற மனிசன்.

"மழை பெய்தா எங்க மகன் படுப்பாய்?"

அன்றிரவே தன் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப்போனார். காலை நீட்டினால் வலைக்குவியல், மடக்கினால் அடியில் ஊறின தண்ணீர். அதைச் சிரட்டையால் அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தார். இந்த வாவியில் மீன் பாடும் என்பார்களே என்று, நான் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தேன். மீன் பாடவில்லை. 2013இல் திறந்த புதுப்பாலத்தில் போன பஸ்தான் கேட்டது. பக்கத்தில் 1924இன் பழைய பாலம் சும்மா நின்றது.

கேரளத்துக் கெட்டுவள்ளத்தைச் சொல்லிப் பார்த்தேன். அது நெல் ஏற்றின வள்ளம். லொறி வந்து அதன் பிழைப்பைப் பறித்த பிறகுதான் கட்டிலும் ஏசியும் ஏறி, சுற்றுலாப் பயணிகளுக்கு வீடானது. எங்கள் வாவியும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீளம்தான். ஆனால் மாரி வெள்ளத்தில் முகத்துவாரம் திறந்துவிட்டால், தண்ணீர் கடலுக்கு இழுக்கிற இழுவையில் வீடும் போய்விடும் என்றார். (நுளம்பைப் பற்றி அந்த வீடியோக்களில் ஒருவரும் மூச்சே விடவில்லை.)

விடியக் கரையேறினோம். மாமி தந்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, மாமா திண்ணையில் பாயை விரித்து, கைகால் நாலையும் அகலப் பரப்பிக்கொண்டு படுத்தார்.