ஆச்சியும் பியட்டும் நாலு ஷாக் அப்சார்பரும்

செண்பகத்தோப்பு போயிருக்கிறீர்களா நண்பர்களே? ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரம். சாம்பல் நிற அணில்களுக்காக 1988ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்துவிட்டது. காட்டுக்கு இந்தப் பக்கம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். அதில் ஒரு சின்ன மாந்தோப்பு ராஜபாளையத்து ஆச்சி ஒருவருக்குச் சொந்தம். பிறந்த வீட்டுச் சீதனம், பட்டா அவர் பெயரில்.

ஆச்சிக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு மூன்று மாம்பழ சீசன் போய்விட்டது. தோப்பைப் பார்க்கவே இல்லை. யானை வந்து மரத்தை முறிக்கிறது, காவலுக்கு ஆள் இல்லை, விற்றுவிடலாம் என்று வெளியூரில் இருக்கும் மகன் ஆளையும் பார்த்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. "ஒரு தடவ பாத்துட்டுப் போடுதேன்" என்றார் ஆச்சி. ஆட்டோவில் ஏறியும் பார்த்தார். மம்சாபுரம் வருவதற்குள் வலி தாங்காமல் திரும்பிவிட்டார்.

வீட்டில் தாத்தாவின் 1972 மாடல் பியட் 1100 நிற்கிறது. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. இதே கார்தான் 1974ல் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. மும்பையில் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினிகளும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன. தாத்தா மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை :-)

அந்தக் காரில் முன்பக்கம் பெஞ்ச் சீட். ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் என்பதால் நடுவில் எதுவும் இடிக்காது. ஆச்சி அரைச் சாய்வாக உட்கார அதைப்போல வசதி வேறு காரில் இல்லை. ஆனால் பள்ளத்தில் இறங்கினால் கார் படகு மாதிரி ஆடும்.

காரணம் ஸ்ப்ரிங் இல்லை, ஷாக் அப்சார்பர். பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். காரின் எடையைத் தாங்குவது ஸ்ப்ரிங். அமுங்கிய ஸ்ப்ரிங் மேலே எழும்பும், மறுபடி அமுங்கும், அப்படியே ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் சின்ன ஓட்டைகள் உள்ள பிஸ்டன். கார் ஆடும்போது எண்ணெய் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கிப் போகவேண்டும். ஆட்டத்தின் வேகம் எண்ணெயில் சூடாகி அடங்கிவிடும். சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்க ஆள் இல்லை.

"ஐம்பது வயசு தாண்டின வண்டிய விண்டேஜ்னு பதிவு பண்ணலாமே?" என்று ஒருவர் யோசனை சொன்னார். 2021ல் வந்த மத்திய அரசு விதி அதற்கு வழி செய்கிறதுதான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக்கூடாது. "அப்ப தோப்புக்கு எதுல போறது?" என்று கேட்டுவிட்டு, தாத்தா நாலு ஷாக் அப்சார்பரையும் கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினார். பிரித்து, தண்டைச் சரிசெய்து, புது சீல் போட்டு, அளந்து எண்ணெய் ஊற்றி, ஒரு வாரத்தில் வந்தன.

மாட்டும் வேலைக்குக் காலேஜ் லீவில் வந்த பேரன். ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கியதும் வண்டிக்கு அடியில் தலையை விட்டான். தாத்தா காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்.

"ஜாக்கி தூக்குறதுக்குடா. தாங்குறதுக்கு இல்ல."

முன் சக்கரத்துக்குக் கல், பாடிக்கு அடியில் ஸ்டாண்ட், அச்சு தொங்காமல் இருக்க மரக்கட்டை. எல்லாம் வைத்தபிறகுதான் ஸ்பானரே கையில் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் நாலும் ஏறிவிட்டன. தாத்தா பம்பரை அமுக்கி விட்டார். கார் ஒரு தடவை எழும்பி அடங்கவேண்டும். அது மூன்று தடவை ஆடியது!

அவர் முகம் விழுந்துவிட்டது. சீசன் முடிகிற நேரம், மகனும் தேதி சொல்லிவிட்டார். மெக்கானிக்குக்கு போன் போட்டால், அவர் சிரித்தார். "படுக்கப்போட்டே வச்சிருந்தீங்களா அண்ணாச்சி? எண்ணெய்க்குள்ள காத்து போயிருக்கும். நிமித்திப் பிடிச்சு, சீரா இறுகுற வரைக்கும் மெதுவா இழுத்து அமுக்குங்க."

மறுநாள் மறுபடி நாலையும் கழற்றினார்கள். ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பிடித்துப் பேரன் இழுத்து அமுக்கினான். முதலில் வழுக்கென்று போனது, நாலைந்து தடவைக்குப் பின் கையை எதிர்த்தது. மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுதும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு ரப்பர் புஷ் உள்ள நட்டுகளைக் கடைசியாக முறுக்கினார்கள். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பம்பரை அமுக்கினார். ஒரே எழும்பு. அடங்கியது.

அடுத்த நாள் விடிகாலை கிளம்பினார்கள். தார் ரோடு முடிந்து தோப்புப் பாதையில் பெரிய பள்ளம். தாத்தா பிரேக்கில் கால் வைத்தபடி ஆச்சி முகத்தையே பார்த்தார். கார் இறங்கியது, ஏறியது, நின்றுவிட்டது ஆட்டம்.

"என்னையப் பாக்காதீய. ரோட்டப் பாருங்க" என்றார் ஆச்சி.

தோப்பில் இரண்டு மரம் முறிந்து கிடந்தது. மற்றதெல்லாம் காய்த்திருந்தது. ஆச்சி கம்பை ஊன்றி ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தார். சாயங்காலம் மகன் போன் செய்தார். "இந்த வருஷக் காய் இறங்கட்டும்யா. அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பேசுவோம்." அவ்வளவுதான் பதில். யானையும் அங்கேதான் இருக்கிறது, ஆச்சியின் முதுகும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

காமர்ஸ் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. தேய்மானக் கணக்கில் நேர்கோட்டு முறைப்படி இந்தக் காரின் மதிப்பு எப்போதோ பூஜ்யம். குறைந்து செல் மதிப்பு முறையில் மட்டும்தான் பூஜ்யத்தைத் தொடாது. சரி, அந்த நாலு ஷாக் அப்சார்பர் செலவு? இருக்கும் சொத்தைப் பழைய நிலையில் வைத்திருக்கச் செய்வது, ஆகவே வருவாயினச் செலவு. பரீட்சையில் அப்படித்தான் எழுதவேண்டும்.

ஆச்சியிடம் கேட்டால் மூலதனம் என்பார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?