முதலில் வெட்டு, பிறகு ஒட்டு

மாடம்பாக்கத்தில் எங்கள் பக்கம் போர்வெல்லும் மாடித் தொட்டியுமாகத்தான் வீடுகள். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் சின்ன போர்டை வீட்டிலேயே செய்து பார்க்கும் பாலிடெக்னிக் பிள்ளைகள் என்னிடம் வருவதுண்டு. "அண்ணா, லேஅவுட் தப்பாயிடுச்சு, புதுசாப் போட்டுடவா?" என்பார்கள். வேண்டாம் என்பேன். எங்கே தவறியது என்று தெரியாமல் புதிதாகப் போட்டால், அதே தப்பு புது போர்டிலும் வந்து உட்காரும்.

அதிகம் பார்ப்பது டிரான்சிஸ்டர் கால் வரிசைத் தவறு. தட்டை முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால், பிசி547-இன் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்கு வரைந்து மற்றதைச் செருகினால் ரிலே ஒழுங்காக இழுக்காது. பேஸ் இரண்டிலும் நடுவில் இருப்பதால், திருப்பிப் போட்டாலே போதும். ஆனால் புதியதாகப் போடுங்கள். பிசி547-இன் எமிட்டர்-பேஸ் சந்தி தலைகீழாகத் தாங்குவது 6 வோல்ட். 12 வோல்ட் ரிலே லைனில் மாறி நின்றதை நம்ப முடியாது. ரெகுலேட்டரில் இந்த வசதி கிடையாது. 7805-க்கு இன்புட், கிரவுண்ட், அவுட்புட். எல்எம்317-க்கு அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். எப்படித் திருப்பினாலும் பொருந்தாது, டிராக்கைத்தான் வெட்ட வேண்டும்.

அடுத்தது கண்ணாடி பிம்பம். இஸ்திரிப் பெட்டியால் டோனரைத் தாளிலிருந்து செம்புக்கு ஏற்றும்போதே படம் ஒருமுறை திரும்பிவிடும். பிரின்ட் எடுக்கும்போது 'மிரர்' கொடுத்துவிட்டால் ஐசி எல்லாம் இடம் வலமாகிவிடும். அப்படி ஒரு போர்டைக் குப்பையில் போடவிருந்த பையனிடம், பாகங்களைச் செம்புப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் வரிசை சரியாகத்தானே இருக்கிறது! ஐசியின் கால்களைச் சற்று வெளியே விரித்து, பேடின் மேலேயே பற்றவைத்தான். போர்டு ஓடியது.

வெட்டுவதில் அவசரம் கூடாது. நம் போர்டில் செம்பின் கனம் 35 மைக்ரான்தான், ஆனாலும் ஒரு கீறல் போதாது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் பிளேடால் ஆழமாக வெட்டி, நடுத்துண்டைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி நெம்பி எடுத்துவிட வேண்டும். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்துப் பாருங்கள், சத்தம் வரக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத செம்புப் பிசிறு ஒன்று போதும், நாள் முழுவதும் அலைக்கழிக்கும். அதன் பிறகுதான் ஜம்பர் வயர். வீட்டுப் போர்டின் துளைக்குள் செம்புப் பூச்சு கிடையாது. ஒரே இடத்தில் அயர்னை அழுத்திக்கொண்டிருந்தால் பேடு உரிந்து வந்துவிடும். அதனால் வயரைப் பாகத்தின் காலிலேயே பற்றவைப்பது நல்லது.

ஜம்பர் வயர் தெரிந்தால் அசிங்கம் என்று பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். 1982-இல் பிரிட்டனில் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் முதல் போர்டுகளிலேயே, யுஎல்ஏ சிப்பில் இருந்த பிழையைச் சமாளிக்க இன்னொரு சிறு ஐசியை மல்லாக்க ஒட்டி, கால்களில் வயர் இழுத்து விற்றார்கள். செத்த கரப்பான் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. கடையில் விற்ற கணினிக்கே அது நடந்திருக்கிறது.

ஆனால் 230 வோல்ட் ஓடும் பக்கத்தில் ஒட்டுவேலைக்கு நான் ஒப்புவதில்லை. ரிலே கான்டாக்ட் டிராக் குறைந்த வோல்ட் டிராக்கை நெருங்கி வந்திருந்தால் அந்தப் போர்டு வேண்டாம், புதிதாகவே போடுங்கள். தொட்டியில் இறங்கும் சென்சார் வயரை ஈரக் கையோடு தொடுபவர் உங்கள் அம்மாவாகக்கூட இருக்கலாம்.

போர்டில் எதை வெட்டினீர்களோ, எதை இணைத்தீர்களோ, அதை அன்றைக்கே கணினியில் உள்ள படத்திலும் திருத்திவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள்.