அம்மாவும் இடம்பெயர்ந்தவர்தான்!

இடம்பெயர்வு என்றதும் ரயிலேறி வரும் வடமாநிலத் தொழிலாளர்களும், வளைகுடாவுக்குப் பறக்கும் அண்ணன்களும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்வது வேறு. இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடிப் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அவர்களில் பெரும்பாலானோர் சொன்ன காரணம், கல்யாணம்!

புவியியலில் தள்ளும் காரணி, இழுக்கும் காரணி என்பார்கள். மழை பொய்த்தால் ஊர் தள்ளும். வேலை கிடைத்தால் நகரம் இழுக்கும். செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் சீசன் முடிந்ததும் திரும்பிவிடுவார்கள்; அது பருவகால இடம்பெயர்வு.

தஞ்சாவூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து 22 வயதில் கோவைக்கு வந்த என் அம்மாவுடையது நிரந்தரம். "உன்னைத் தள்ளியது எது, இழுத்தது எதும்மா?" என்று கேட்டேன். "வாக்கப்பட்டு வந்தேன், அவ்ளோதான்டி" என்று சிரித்தார்.

தாத்தா இறந்தபோது, அம்மா பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் இன்றுவரை பேசியதில்லை.

தீபாவளிக்கு "எங்க ஊருக்குப் போறேன்" என்று கிளம்புவார். அங்கே போன இரண்டாம் நாளே, "எங்க ஊர்ல தண்ணி வந்திருக்கும், கிளம்பணும்" என்பார்.

உங்கள் வீட்டிலும் இப்படி இரண்டு ஊர்க்காரர் ஒருவர் இருப்பார். முதல் ஊரைப் பற்றி அவரிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்களேன்!