ஏறுவது ஓர் ஊர், இறங்குவது வேறோர் ஊர்

விழுப்புரத்தில் யாராவது வெளிநாடு போகிறார் என்றால் வீட்டில் முதலில் வரும் சண்டை சூட்கேஸ் பற்றி இல்லை. "மெட்ராஸா, திருச்சியா?" இதுதான் சண்டை. அப்பா ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார், டிராவல்ஸ்காரர் மூன்றாவதாக ஒன்று சொல்வார்.

காரணம் ஊர் இருக்கும் இடம். விழுப்புரத்திலிருந்து மீனம்பாக்கம் சுமார் 145 கி.மீ. திருச்சி விமான நிலையம் சுமார் 170 கி.மீ. கிட்டத்தட்ட நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். வடக்கே 37 கி.மீ. தள்ளியிருக்கும் திண்டிவனத்தில் இந்தச் சண்டையே கிடையாது. அங்கிருந்து மீனம்பாக்கம் 100 கி.மீ. சொச்சம், திருச்சி 200-ஐத் தாண்டும். பெங்களூர்? செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி எல்லாம் தாண்டிப் போய், ஊரைக் கடந்து வடக்கே தேவனஹள்ளி வரைக்கும் போக வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். சிறிய உள்நாட்டு விமானங்களுக்கு மட்டும்தான் அது சரிப்படும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தச் சண்டையில் எல்லோரும் ஒன்றைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள். ஏறிய ஊரிலேயேதான் திரும்பி இறங்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதிரி வீடு தெருவுக்கு ஒன்று இருக்கிறது. மகள் லண்டனில். பிரசவத்துக்கு அம்மா போக வேண்டும். அம்மாவுக்கு அறுபது வயது, முதல் விமானப் பயணம், தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது, தனியாகத்தான் போகிறார். பிரசவத் தேதி எந்த விமானத்துக்காகவும் காத்திருக்காது.

சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. மாற வேண்டியதே இல்லை. காசு இடித்தால் கொழும்பு வழி. சென்னை, திருச்சி இரண்டு ஊரிலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு, கொழும்பிலிருந்து லண்டனுக்கும் உண்டு. தமிழ் இலங்கையின் ஆட்சிமொழிகளில் ஒன்று. விமானம் மாறும் இடத்தில் ஒரு வார்த்தை தமிழில் கேட்டு, தமிழில் பதில் வாங்க முடிவது அந்த அம்மாவுக்குச் சின்ன விஷயம் இல்லை.

கொழும்பு வழி ஒன்றும் புதிது இல்லை. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் கிளம்பிய போட் மெயில் விழுப்புரம் வழியாகத்தான் தனுஷ்கோடி போனது. அங்கே கப்பல் ஏறி தலைமன்னார், பிறகு மறுபடி ரயிலில் கொழும்பு. ரயில், கப்பல், ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி முடிந்தது. சிங்கப்பூர், மலேயா போகிறவர்களுக்கு அப்போதும் இரண்டு ஊர் கேள்வி இருந்தது. கப்பல் ஏறுவது மெட்ராஸிலா, நாகப்பட்டினத்திலா? எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்த பிறகு அந்தக் கேள்வியும் போய்விட்டது.

அந்தக் கால ஒரே டிக்கெட்டின் அருமை இன்றைக்கும் மாறவில்லை. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் இருந்து முதல் விமானம் தாமதமானால், அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பெனி பொறுப்பு. மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினால், இரண்டாவது விமானம் போனது போனதுதான். நடுவில் இறங்கி லக்கேஜை எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால், அந்த நாட்டு விசாவும் கேட்கலாம். சில நாடுகளில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறினாலும் விசா கேட்பார்கள்.

இப்போது ஏறும் ஊர். இதற்கு ஒரே கேள்விதான்: எது தவறினால் அடுத்த வழி இருக்கும்? சென்னையில் விமானங்கள் அதிகம். ஒன்று ரத்தானால் அடுத்ததில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். போகும் வழியும் பல. ரயிலில் போய் தாம்பரத்தில் இறங்கினால், மின்சார ரயிலில் திரிசூலம். நிலையத்துக்கு எதிரே விமான நிலையம். பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தெற்கேயிருந்து வரும் பஸ்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. பழைய ஞாபகத்தில் "ஏர்போர்ட் வாசல்லயே எறங்கிக்கலாம்" என்று கிளம்பினால், நடுராத்திரியில் சூட்கேஸோடு ஆட்டோ தேட வேண்டியதுதான்.

நடுராத்திரி என்றதும் இன்னொன்று. சென்னையிலிருந்து தூர தேசம் போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்பும். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 1.30 மணி என்றிருந்தால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி சாயங்காலம். 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும் :-)

இறங்கும் ஊருக்குக் கேள்வியே வேறு. திரும்பி வரும்போது தவறவிட எதுவும் இல்லை. விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் தூக்கம் போகும், அவ்வளவுதான். அங்கே பார்க்க வேண்டியது யார் வந்து நிற்பார்கள் என்பதை. அம்மா சொல்வது இதைத்தான்: "ஏம்மா, திருச்சியில எறங்குனா உங்க சித்தப்பா வீடு இருக்கு, வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவாரு. மெட்ராஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு எறங்கி நான் எங்கடி நிக்கிறது?"

மகளோ இணையத்தில் டெல்லி வழியாக மூவாயிரம் குறைச்சலாக ஒரு டிக்கெட் பார்த்து வைத்திருப்பாள். டெல்லி வழியாகத் திரும்பினால், பொதுவாக டெல்லியிலேயே குடியுரிமைச் சோதனை, லக்கேஜை எடுத்து சுங்கம் தாண்டி, மறுபடி போட்டுவிட்டு, உள்நாட்டு விமானத்தைத் தேடி ஓட வேண்டும். அறுபது வயதில், ஹிந்தி தெரியாமல். மூவாயிரம் மிச்சமா, இல்லை அந்தச் செலவை அம்மா தலையில் கட்டியதா? பி.காம். புத்தகத்தில் இதற்குக் கணக்கு இல்லை.

ஆக, சென்னையில் ஏறி, கொழும்பு வழியாக லண்டன். திரும்பும்போது லண்டன், கொழும்பு, திருச்சி. டிக்கெட் போடும்போது 'ரவுண்ட் டிரிப்' என்பதை விட்டு 'மல்டி சிட்டி' என்பதை அழுத்தினால் போதும். பல கம்பெனிகளில் இப்படிப் போடுவது இரண்டு ஒருவழி டிக்கெட்டை விடக் குறைவாகவே வரும். ஒரு எச்சரிக்கை மட்டும். டிக்கெட் எந்த ஊரில் ஆரம்பிக்கிறதோ அங்கேதான் ஏற வேண்டும். முதல் விமானத்தில் ஏறாமல் நடுவில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், மிச்ச டிக்கெட் மொத்தமும் ரத்தாகிவிடும்.

பொங்கல், தீபாவளி லீவு என்றால் கணக்கு தலைகீழ். லீவு முடியும் நாளில் தெற்கத்தி ஜனம் மொத்தமும் சென்னைக்குத் திரும்பும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஆரம்பித்து பரனூர், பெருங்களத்தூர் வரை வண்டிகள் ஊர்ந்து போகும். அந்த நாளில் விழுப்புரத்துக்காரர் ஏற வேண்டிய ஊர் திருச்சி. எதிர்ப்பக்கச் சாலை காலியாக இருக்கும்.

எந்த ஊரும் கைகொடுக்காத நாளும் உண்டு. 2015 டிசம்பர் 1 இரவு வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, திறக்கச் சில நாட்கள் ஆயின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்கு மறுபடி மூடினார்கள். அது மறுநாள் அதிகாலையே திறந்துவிட்டது. ஆனால் விழுப்புரத்துக்கு அப்போதுதான் ஆரம்பம். திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டு, சென்னை ரயில்கள் நின்றன. தெற்கே அரசூரில் திருச்சி நெடுஞ்சாலை மேல் தண்ணீர் ஓடியது. வடக்கே ரயில் இல்லை, தெற்கே சாலை இல்லை. சென்னையிலும் திருச்சியிலும் விமானங்கள் ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்தன. விழுப்புரத்துக்காரர்தான் போய்ச் சேர வழியில்லை.

அதனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிளம்புகிறவர்கள், ஊரைத் தேர்ந்தெடுப்பதோடு நாளையும் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாளே போய் தாம்பரம் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுவது. ஒரு ராத்திரி வாடகை. அங்கே பிறக்கப் போகும் குழந்தையைக் கையில் வாங்க ஆள் போய்ச் சேர வேண்டுமே. திரும்பி வரும்போது அந்தச் செலவு கிடையாது, சித்தப்பா வந்து நிற்பார்.