விலை போகாத குப்பை

பழைய பேப்பரையும் இரும்பையும் அட்டைப்பெட்டியையும் மறுசுழற்சிக்கு அனுப்ப நம் ஊருக்கு அறக்கட்டளை எதுவும் தேவையில்லை. காயலான் கடைக்காரர்கள் அதை வெகுகாலமாகச் செம்மையாகச் செய்துவருகிறார்கள். தென்சென்னையில் ஓர் அறக்கட்டளையின் உலர்குப்பைக் கூடத்தில் வேலை பார்க்கும் நான் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். கடைக்காரர் கை வைக்காததை எடுப்பதுதான் எங்கள் வேலை. சிப்ஸ் உறை, ஷாம்பு சாஷே, தெர்மாகோல், கிழிந்த துணி இவற்றை எடைக்கு வாங்க ஆளில்லை. அதனால் தெருவில் பொறுக்கவும் ஆளில்லை. மழைநீர் வடிகாலை அடைப்பதும், பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் போய்க் குவிவதும் இவைதான். அந்தக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை விழுங்கி வளர்ந்தது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது.

தரம் பிரிப்பதில்தான் இந்தத் தொழிலின் நுணுக்கமெல்லாம் இருக்கிறது. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பார்க்கச் சொல்லித்தருவார்கள்: 1 என்றால் பெட், 5 என்றால் பிபி. கூடத்தில் அதற்கு நேரமிருக்காது. கவர்கள் பலவற்றில் எண்ணே இருக்காது. மேசையில் பிரிக்கும் எங்கள் அக்காக்கள் காதால் பிரிக்கிறார்கள். கசக்கும்போது மொறமொறத்தால் பிபி. சத்தமில்லாமல் இழுத்த இழுப்புக்கு நீண்டால் அது பால் கவர் வகை. சந்தேகம் வந்தால் ஒரு துண்டை நறுக்கித் தண்ணீரில் போடுவோம். பெட்டும் பிவிசியும் மூழ்கும். பிபியும் பால் கவரும் மிதக்கும். பெட் மூட்டையில் பிவிசி கலந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. பெட்டை உருக்க ஏறக்குறைய 250 டிகிரி சூடு வேண்டும். அதற்கு வெகு முன்பே பிவிசி சிதைந்து அமில வாயுவைக் கக்கும். சேர்த்து உருக்கிய பெட்டும் நிறம் மாறிக் கெட்டுவிடும்.

அக்காக்களில் பலர் முன்பு தெருவிலும் கிடங்கிலும் பொறுக்கியவர்கள். இந்த அறிவு அவர்கள் கொண்டுவந்தது. நாங்கள் தந்தது கையுறை, காலணி, பிரிக்க ஒரு மேசை, மாதச் சம்பளம். ஒரு பகுதியில் மறுசுழற்சித் திட்டம் தொடங்குகிறவர்கள் அங்கே ஏற்கெனவே பொறுக்கிப் பிழைப்பவர்களுக்கு முதலில் இடம் தராவிட்டால், அவர்கள் சோற்றில் கை வைக்கிறார்கள் என்றே சொல்வேன்.

சிப்ஸ் உறையைப் பேல் கட்டிச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறோம். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அதைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. 1,400 டிகிரியைத் தாண்டும் சூளையில் நிலக்கரியோடு சேர்ந்து எரிகிறது. இதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிடங்கில் தீப்பிடித்து ஊர்மேல் புகைவதற்கு இது மேல், அவ்வளவுதான். லாரி வாடகையும் எங்கள் தலையில். மக்கள் தரும் நன்கொடையில் பெரும்பங்கு இதற்கே போகிறது. உறையில் அடைத்து விற்கும் நிறுவனங்களே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. அந்தப் பொறுப்பு தெருமுனை வரை வந்து சேர்ந்தால், எங்களைப் போன்ற கூடங்கள் ஒவ்வொரு வார்டிலும் நடக்கும்.

அதுவரை வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பால் கவரின் முனையை முழுதாக வெட்டி எறியாதீர்கள், கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். தனியாக விழும் அந்தத் துணுக்கு யார் கையிலும் அகப்படாது. சாம்பார் வந்த டப்பாவை ஒருமுறை அலசிக் காயவையுங்கள். அலசாத ஒரு டப்பா மூட்டையிலுள்ள பேப்பர் அத்தனையையும் வீணாக்கும். நாப்கினைப் பேப்பரில் சுற்றித் தனியே கொடுங்கள். உடைந்த கண்ணாடியைக் கெட்டியாகச் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் எங்கள் மேசையில் உண்டு என்பதால், குப்பை எடுக்க வருபவரிடம் வாயாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.