முறிந்த இடம்

பாட்டி வீட்டுக் கொலுவில் செம்மரத்தில் செய்த மரப்பாச்சி ஒன்று இருந்தது. ஒரு வருஷம் பரணிலிருந்து இறக்கும்போது நழுவி விழுந்து, வலது கை முறிந்தது. துண்டு எங்கே தெறித்ததென்று தேடியும் கிடைக்கவில்லை. ஆசாரியை வரவழைத்தோம். அருமையான கை செதுக்கிக் கொண்டுவந்தார். ஒட்டுவதற்கு முன் பொம்மையின் முறிந்த நுனியை, சிலாம்பு சிலாம்பாக நின்றதை, அரத்தால் ராவி மட்டமாக்கினார். "மேடும் பள்ளமுமா இருந்தா புதுக்கை உட்காராது பாப்பா" என்றார். முளை வைத்து, வச்சிரம் தடவி, கயிற்றால் கட்டி வெயிலில் வைத்தார். நாலைந்து வருஷம் கழித்து வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது பழைய கை அகப்பட்டது. ஆசையோடு வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. சேர வேண்டிய வாய் ராவிய தூளோடு போய்விட்டிருந்தது.

மியூனிக் நகரத்து கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில், ஒரு கிரேக்க வீரனின் உடலருகே நின்றபோது அந்த மரப்பாச்சிதான் என் கண்முன் வந்தது.

ஏதென்ஸுக்கு எதிரே கடலில் இருக்கிறது ஈஜினா தீவு. அங்கே அஃபையா என்ற பெண்தெய்வத்தின் கோயில். அதன் கிழக்கு, மேற்கு முகப்புகளின் நெற்றியில், கூரைக்குக் கீழ் அமைந்த முக்கோணங்களில், ட்ராய் போர்க்காட்சிகள் பாரோஸ் தீவுப் பளிங்கில் செதுக்கப்பட்டிருந்தன. சுமார் 2,500 ஆண்டுப் பழமை. 1811இல் காக்கரெல் என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞரும் அவருடைய தோழர்களும் அந்த இடிபாட்டுக்குள் சிலைகளைத் துண்டு துண்டாகக் கண்டெடுத்தார்கள். மறு வருஷம் அவை ஏலத்துக்கு வந்தன. பவேரிய இளவரசர் லுட்விக் வாங்கினார். வாங்கியவர் அவற்றை நேராக மியூனிக்குக்குக் கொண்டுபோகவில்லை. ரோமுக்கு, சிற்பி தோர்வால்சனின் பட்டறைக்கு அனுப்பினார்.

பெர்டெல் தோர்வால்சன் கோபன்ஹேகனில் 1770இல் பிறந்தவர். அப்பா ஐஸ்லாந்துக்காரர், மரம் செதுக்குபவர். 1797 மார்ச் 8ஆம் தேதி ரோமில் வந்து இறங்கிய தோர்வால்சன், அந்த நாளையே தன் பிறந்தநாளாகக் கொண்டாடிவந்தார். பழைய கிரேக்கச் சிலைகளைப் போலவே செய்யவேண்டும் என்பதுதான் அந்தத் தலைமுறைச் சிற்பிகளின் தாகம். அன்றைய ரோமில் சிற்பி என்றால் பழைய சிலைக்கு மூக்கு வைப்பதும், கை ஒட்டுவதும், செல்வர்களின் வீட்டுக்குப் பிரதி எடுத்துத் தருவதும் வழக்கமான வேலை. மூளியான சிலையை வரவேற்பறையில் யாரும் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. நம் ஊரில் பின்னப்பட்ட சிலையைப் பூசையில் வைக்கமாட்டார்கள் அல்லவா, ஏறக்குறைய அந்த மனசு.

ஆனால் ஒருவர் மறுத்திருக்கிறார். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்த எல்ஜின் பிரபு, அவற்றைப் பூர்த்தி செய்து தரும்படி அந்தக் காலத்தின் முதல்பெரும் சிற்பியான கனோவாவைத்தான் கேட்டார். அந்தக் கற்களின் மேல் உளி வைப்பது பாவம் என்று கனோவா ஒதுங்கிக்கொண்டார். அந்த மறுப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

தோர்வால்சன் ஒப்புக்கொண்டார். 1816 முதல் 1818 வரை உதவியாளர்களோடு அந்த வேலை நடந்தது. விடுபட்ட தலைகள், கைகள், கால்கள், கேடய விளிம்புகள் எல்லாம் புதிதாகச் செய்யப்பட்டன. புதுப் பளிங்கின் மேல்தோலும் பழையதோடு இழையும்படி பார்த்துக்கொண்டார்கள். எதெல்லாம் நீங்கள் செய்தது என்று பிற்பாடு ஒருவர் கேட்டதற்கு, எனக்கே அடையாளம் தெரியவில்லை என்று தோர்வால்சன் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஒரு கைவினைஞனுக்கு அதைவிடப் பெருமை இல்லை. எனக்கோ அதைப் படித்த அன்று வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் புதுத்துண்டு உட்காருவதற்காகப் பழைய முறிவுகளை மட்டமாக வெட்டிவிட்டார்கள்.

1901இல் ஃபுர்ட்வெங்லர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் ஈஜினாவில் மறுபடி தோண்டினார். மேலும் துண்டுகள் வெளிவந்தன. சிலைகளை நிறுத்தியிருந்த வரிசை தவறு என்றும் தெரிந்தது. பரணில் கிடைத்த கைதான்.

பிறகு 1960களில் அருங்காட்சியகமே தோர்வால்சன் சேர்த்ததையெல்லாம் கழற்றியது. உண்மையான பழங்கல் மட்டும் நிற்கட்டும் என்று முடிவு. அந்தக் கட்டடமும் இரண்டாம் உலகப் போரில் அடிபட்டிருந்தது; உள்ளே இருந்த சுவரோவியங்களையும் அலங்காரங்களையும் திரும்பச் செய்யாமல் செங்கல் தெரியும் சுவர்களோடு 1972இல் திறந்தார்கள். அந்த வெறுஞ்சுவரின் முன்னால் சிலைகள் நிற்கும்போது கண் வேறெங்கும் போவதில்லை; அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிழக்கு முகப்பின் வீரன் ஒருவன் கேடயத்தோடு சரிகிறான்; தலை மண்ணை நோக்கிக் கவிகிறது. அந்த முதுகின் பாரத்தை நானே தாங்குவதுபோல் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் பக்கத்துச் சிலையின் வெட்டைப் பார்த்தேன். முறிந்த கல் சர்க்கரைக் கட்டி உடைந்தாற்போல் பொருபொருவென்று இருக்கும். இங்கே வாழைத்தண்டை அரிவாளால் சீவியதுபோல் வழவழவென்று ஒரு வட்டம். நடுவே முளை இறக்கிய துளை. கிரேக்கன் செதுக்கியதும் போய், விழுந்து உடைந்ததும் போய், தோர்வால்சன் பொருத்தியதும் போய், வெட்டு மட்டும் மிச்சம். கழற்றியது சரியா என்று எனக்கு இன்றுவரை மனம் சமாதானமாகவில்லை. ஒட்டியதே தவறுதான். ஆனாலும் நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த உடலோடு இருந்த கைகள் அவை. அந்தச் சிலைகள் கோயிலில் இருந்த காலத்தை ஒருவேளை வேறு யாரும் நேசிக்காத அளவுக்கு ஒரு சிற்பி நேசித்துச் செய்தவை. இப்போது தனியே பாதுகாத்துவைத்திருக்கிறார்கள்.

தோர்வால்சனின் பட்டறையில் இருந்த ஈஜினாத் துண்டுகளில் கோயில் கூரை உச்சியில் நின்ற சிறு பெண்ணுருவங்களும் உண்டு. விறைப்பாக நின்று, பாவாடைக் கொசுவத்தை விரல்நுனியால் தூக்கிப் பிடித்திருப்பார்கள். தோர்வால்சன் 1817இல் அந்த நிற்பை எடுத்துக்கொண்டு தனக்கென்று ஒரு சிலை செய்தார். பெயர் 'நம்பிக்கை'. ஒரு கையில் பூமொட்டு, மறுகையில் கொசுவம். எந்தப் பழங்கல்லையும் அவர் அதற்காக வெட்டவில்லை. பெர்லினின் டேகல் பகுதியில், வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் தன் மனைவி கரோலினாவின் சமாதியில் உயரமான தூண் ஒன்றை நிறுத்தி, அதன் மேல் அந்தச் சிலையின் பிரதியை வைத்தார். மரங்களுக்கு நடுவே, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி, இன்னும் ஓர் அடி எடுத்துவைக்கப் போகிறவள்போல் அங்கே நிற்கிறாள்.