பத்து பேர்... ஒரு பேட்டரி!

ஒரு பேட்டரி இருக்கு. அதை உருவாக்கினவங்ககிட்டயே போய், ‘சார், இதுல என் செல்போனுக்கு சார்ஜ் ஏத்தலாமா?’ன்னு கேட்டா, ‘முடியாது’ன்னுதான் பதில் வரும். ‘சரி, கைக்கடிகாரத்துக்காவது?’ முடியாது. ‘டி.வி. ரிமோட்?’ ஊஹூம்!

ஆனாலும் அந்த பேட்டரிக்காக ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, இத்தாலின்னு நாலு இடத்துல பத்து பேர் மண்டையை உடைச்சிருக்காங்க. 2022 ஜனவரியில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியான அவங்க ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே பத்துப் பெயர்கள் வரிசையா நிக்குது. அந்த பேட்டரிக்குப் பேர் குவான்டம் பேட்டரி. ‘குவான்டம்’னு பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ்! ஷ்ரோடிங்கர் பூனையை எல்லாம் இங்கே கூப்பிடப் போறதில்லை. நமக்கு வேண்டியது அந்தப் பத்து பேர்தான்.

முதல்ல, இதுல அப்படி என்ன விசேஷம்? ஒரு டவுன் பஸ்ஸை நினைச்சுக்குங்க. அஞ்சு பேர் ஏறுறதைவிட ஐம்பது பேர் ஏற நேரம் அதிகம் ஆகும். நம்ம பேட்டரிகளும் அப்படித்தான். பெருசா ஆக ஆக, அதே சார்ஜர்ல நிரப்ப அதிக நேரம் பிடிக்கும். குவான்டம் பேட்டரியில் கதை தலைகீழ். கூட்டம் அதிகமானா ஏறுற நேரம் குறையும்! கணக்குப்படி, மூலக்கூறுகளை நாலு மடங்கு ஆக்கினா சார்ஜ் ஏறும் நேரம் பாதியாகும். காரணம், மூலக்கூறுகள் தனித்தனியா ஒளியை வாங்கிக்கிறதில்லை. மொத்தமும் ஒரே ஆள் மாதிரி சேர்ந்து வாங்குது. எந்த மூலக்கூறு வாங்குச்சுன்னு பிரிச்சுச் சொல்லவே முடியாது.

இதோட தாத்தா 1954-ல பிறந்தவர். பிரின்ஸ்டனில் இருந்த ராபர்ட் டிக்கி, அணுக்கள் கூட்டாகச் சேர்ந்தா ஒளியைத் தனித்தனியா உமிழறதைவிடப் படுவேகமா உமிழும்னு காகிதத்துல போட்டுக் காட்டினார். அதைத் திருப்பிப் போட்டா? கூட்டாகச் சேர்ந்தா வேகமா உறிஞ்சவும் முடியணும் இல்லையா? கேட்க எளிமையான கேள்விதான். ஆனா இதுக்கு ஒழுங்கா ஒரு வழி சொல்ல 2014 வரை ஆச்சு. இதுக்கு நடுவுல, 2013-ல போலந்தின் ராபர்ட் அலிக்கி, பெல்ஜியத்தின் மார்க் ஃபன்னெஸ் ரெண்டு பேரும் ‘குவான்டம் பேட்டரி’ங்கிற யோசனையையே முதன்முதலா தாளில் எழுதினாங்க. தாளில் மட்டும்! 2015-ல ஃபெலிக்ஸ் பைண்டரும் மூணு நண்பர்களும் ‘சார்ஜ் ஏறும் வேகத்தையும் கூட்டலாம்’னு காட்டினாங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தர் சாய் விஞ்ஜனம்பதி. பிறகு ஐ.ஐ.டி. பாம்பேயில் பேராசிரியர் ஆனவர். அந்தப் பேப்பரும் தாளில் மட்டும்தான்.

நான் ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம். அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட் சீஸன். ‘ஆராய்ச்சி பக்கம் போகலாம்னு பார்க்கிறேன்’னு வீட்டுல லேசா ஆரம்பிச்ச நாள்ல, அப்பா இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்திக்கிட்டு இருந்தார். இந்த குவான்டம் பேட்டரி கதையை உற்சாகமா எடுத்துவிட்டேன்.

“ஏம்மா, அது நம்ம இன்வெர்ட்டருக்கு வருமா?”

“வராதுப்பா.”

“ஒருவாட்டி சார்ஜ் போட்டா எவ்வளவு நேரம் நிக்கும்?”

“இப்போதைக்கு... ஒரு செகண்டைப் பத்து லட்சமா பிரிச்சா, அதுல சில துண்டு நேரம்.”

ஊத்துறதை நிறுத்திட்டு ஒரு பார்வை பார்த்தார். “இதுக்கா இத்தனை பேரு?”

நியாயமான கேள்வி! கிண்டலா கேட்டிருந்தாலும் எனக்கு அது மண்டையிலேயே நின்னுடுச்சு. அதனாலதான் அந்தப் பத்து பேரையும் ஒவ்வொருத்தரா தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல் பெயர் ஜேம்ஸ் க்வாக். அப்போ ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் இருந்தார். பிறகு அந்த நாட்டு அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் குவான்டம் பேட்டரி குழுவுக்குத் தலைவர். இவர் அடிப்படையில் தியரி ஆள். தியரி ஆள் ஒரு பொருளைச் செய்யணும்னா என்ன பண்ணுவார்? செய்யத் தெரிஞ்சவங்க வீட்டுக் கதவைத் தட்டணும். தட்டியிருக்கார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு கதவு, இத்தாலியின் மிலானில் ஒரு கதவு!

ஷெஃபீல்டில் டேவிட் லிட்ஸி, கிர்ஸ்டி மெக்கீ. பேட்டரியைக் கையால் செய்தவங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். ரெண்டு கண்ணாடிகள். நம்ம வீட்டுக் கண்ணாடி மாதிரி இல்லை. ரெண்டு வகை ஆக்ஸைடை மாத்தி மாத்தி, அடுக்கு மேல அடுக்கா படிய வெச்ச கண்ணாடி. நடுவுல ஒளியின் அலைநீளம் அளவுக்குத்தான் இடைவெளி. அதுக்குள்ள ‘லூமோஜென் எஃப் ஆரஞ்சு’ன்னு ஒரு சாயம். அந்தச் சாயத்தை எதுல கலந்து வெச்சாங்க தெரியுமா? பாலிஸ்டைரீன்! நம்ம ஸ்கூல் பிராஜெக்ட்டுக்கு மாடல் வீடு கட்டுவோமே, தெர்மாகோல்... அதே பிளாஸ்டிக். மைனஸ் டிகிரி குளிரூட்டி, ஹீலியம்னு எந்த ஆடம்பரமும் கிடையாது. சாதாரண அறை வெப்பநிலை.

கேட்க ஈஸியா இருக்கும். ஆனா லிட்ஸி, இந்த மாதிரி கண்ணாடி இடுக்குல கரிமப் பொருளை வெச்சு ஒளியோடு இறுக்கமா இணைக்க முடியும்னு ‘நேச்சர்’ இதழில் எழுதினது 1998-ல. நான் பிறக்கிறதுக்கு ஏழு வருஷம் முன்னாடி! குவான்டம் பேட்டரிங்கிற வார்த்தையே அப்ப கிடையாது. யாரோ ஒருத்தர் பல வருஷம் கழிச்சு வந்து கதவைத் தட்டுவாங்கன்னு நினைச்சா அவர் அதைக் கத்துக்கிட்டார்? நிச்சயமா இல்லை. ‘இதனால என்ன பிரயோஜனம்?’னு அன்னைக்கு யாராவது கேட்டிருந்தா, ‘பேட்டரி’ங்கிற பதில் அவருக்கே தோணியிருக்காது.

அடுத்து மிலான். டெர்சில்லா விர்ஜிலி, ஜூலியோ செருல்லோ, லூசியா கன்ட்ஸர். இவங்க வேலை அளக்கிறது. சார்ஜ் ஏறுறது ஃபெம்டோ செகண்ட் கணக்குல நடக்குது. ஒரு செகண்டைக் கோடி கோடியா பிரிச்சு, அந்த ஒரு துண்டைத் திரும்பவும் பத்தா வெட்டினா வர்றது ஒரு ஃபெம்டோ செகண்ட். இதை அளக்க உலகத்துல எந்த ஸ்டாப் வாட்ச்சும் கிடையாது. அதனால தந்திரம் பண்றாங்க. முதல் லேசர் துடிப்பு சார்ஜ் ஏத்தும். ரெண்டாவது துடிப்பு சும்மா எட்டிப் பார்த்து, எவ்வளவு ஏறியிருக்குன்னு சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி எப்படி? ரெண்டாவது துடிப்பு வர்ற பாதையைக் கொஞ்சம் நீட்டிவிடுவாங்க, அவ்வளவுதான். ஒரு ஃபெம்டோ செகண்டில் ஒளி போற தூரம் 0.3 மைக்ரான். கண்ணாடியை அந்தக் கணக்கில் நகர்த்தினா நேரத்தை நகர்த்தின மாதிரி. ஸ்கேலை வெச்சுக்கிட்டு கடிகாரம் செய்றாங்க!

அளந்தாச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு யார் சொல்றது? ஸ்காட்லாந்து ஆட்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரெண்டன் லவ்வெட், ஜோனதன் கீலிங், அவங்களோட டொமினிக் ரவுஸ். எடின்பரோவில் எரிக் கௌகர். 2014-ல கூட்டு உறிஞ்சலுக்கு வழி சொன்ன பேப்பர்னு மேலே சொன்னேனே, அதுல லவ்வெட், கௌகர் ரெண்டு பேர் பேரும் இருக்கு. எட்டு வருஷம் கழிச்சு, தாங்க எழுதின சமன்பாடு ஒரு ஆரஞ்சு நிறச் சாயத்துல நடக்குறதைப் பார்த்திருக்காங்க. அதுல ஒரு ட்விஸ்ட்டும் கிடைச்சது. குவான்டம் ஆட்களுக்கு எப்பவும் வில்லன், சுத்துப்புற இரைச்சல்தான். கூட்டு ஒற்றுமையைக் கலைச்சுவிட்டுடும். இங்கே அந்த வில்லனே கொஞ்சம் உதவி பண்ணியிருக்கான். சார்ஜ் ஏறினதும் மூலக்கூறுகளின் ஒற்றுமையை இரைச்சல் கலைச்சுவிடுறதால, ஏறின வேகத்துலயே எல்லாரும் சேர்ந்து இறங்க முடியலை. ஏத்த ஒற்றுமை வேணும், நிறுத்தி வைக்க கொஞ்சம் சண்டை வேணும். ஹாஸ்டல் அனுபவம் உள்ளவங்களுக்கு விளக்கம் தேவையில்லை!

இந்தப் பேப்பரில் என்னைப் பிடிச்சு நிறுத்தினது அதோட தலைப்புதான். கடைசியில் ‘ஒரு குவான்டம் பேட்டரியை நோக்கி’ன்னு முடியுது. நோக்கி! பத்து பேர், மூணு நாடு, சாயம், லேசர், கணக்கு எல்லாம் முடிச்சுட்டு, ‘கண்டுபிடிச்சுட்டோம்’னு எழுதலை. அந்தத் திசையில் ஒரு அடி வெச்சிருக்கோம்னு எழுதியிருக்காங்க. இப்ப உங்க டிபார்ட்மென்ட் லைப்ரரிக்குப் போய், சீனியர்களின் பிராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைத் தூசி தட்டிப் பாருங்க. எல்லாத்துலயும் ‘வெற்றிகரமாக வடிவமைக்கப்பட்டு செயல்படுத்தப்பட்டது’தான். பல்பு எரிஞ்சா வெற்றி, எரியலைன்னா அமோக வெற்றி! அட்டையில் நாலு பெயர், ரெஜிஸ்டர் நம்பர் வரிசையில். அதுல சால்டரிங் அயர்னைப் பிடிச்சது யார், வைவா அன்னைக்கு மட்டும் வந்தது யார்னு அட்டை சொல்லாது. அந்தப் பத்து பேர் பேப்பரின் கடைசியில், யார் செய்தது, யார் அளந்தது, யார் கணக்குப் போட்டதுன்னு பெயரின் முதலெழுத்தோட ஒரு சின்னப் பத்தி இருக்கு. அப்படி ஒரு பத்தி நம்ம ரிப்போர்ட்டிலும் கட்டாயம்னு யாராவது ஒரு சர்க்குலர் போட்டா, எத்தனை கேங் உடையும்னு நினைச்சுப் பார்க்கிறேன். சிரிப்பாவும் இருக்கு, உடையட்டுமேன்னும் இருக்கு.

சரி, அப்பாவோட கேள்விக்கு வருவோம். அது உண்மையிலேயே இந்த பேட்டரியின் பெரிய வியாதி. வேகமா உறிஞ்சுறது வேகமா உமிழவும் செய்யும். டிக்கி அன்னைக்கே சொன்னதுதான். இரைச்சல் பண்ற உதவி கொஞ்ச நேரத்துக்குத்தான். 2022 பேட்டரியில் ஏறின ஆற்றல் நானோ செகண்ட் கணக்கிலேயே காலி. இதை எப்படி நிறுத்தி வைக்கிறது? மெல்போர்னில் இருக்கிற ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டேனியல் கோமெஸ் குழு ஒரு வழி பிடிச்சாங்க. சார்ஜ் ஏறினதும் அந்த ஆற்றலை, மூலக்கூறுக்குள்ள ‘ட்ரிப்லெட்’னு ஒரு நிலைக்குத் தள்ளிவிடுறது. அந்த நிலையிலிருந்து ஒளியா வெளியேறுறது சுலபமில்லை. வாசல் ரொம்பக் குறுகல். 2025-ல வந்த அந்தப் பேப்பரில் ஆற்றல் நிக்கிற நேரம் ஆயிரம் மடங்கு கூடி, நானோ செகண்டிலிருந்து மைக்ரோ செகண்டுக்கு வந்திருக்கு. க்வாக் பெயரும் அதுல உண்டு. அதே 2025-ல க்வாக் குழு, இந்த மாதிரி பேட்டரியிலிருந்து ஆற்றலை மின்சாரமா வெளியே எடுத்தும் காட்டினாங்க. அதுவரைக்கும் போட்டதை வெளியே எடுக்க வழியில்லாத உண்டியலாத்தான் இருந்துச்சு!

அந்த ட்ரிப்லெட் பேப்பர்ல இன்னொரு பெயர் ஃபிரான்செஸ்கோ காம்பயோலி. இவரைக் கொஞ்சம் கவனிங்க. 2017-ல மோனாஷில் பி.எச்டி. மாணவரா இருந்தப்ப, சார்ஜ் ஏறும் வேகத்துக்கு எல்லை எதுன்னு ஒரு தியரி பேப்பர் எழுதினார். 2024-ல இந்தத் துறை மொத்தத்துக்கும் ஒரு நீள விமர்சனக் கட்டுரை ‘ரிவியூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்’ இதழில் வந்தப்ப, முதல் பெயர் இவரோடது. 2025-ல கையில் தொடக்கூடிய பேட்டரியில் இவர் பெயர். மாணவனா கணக்குப் போட்டதுல இருந்து கண்ணாடி இடுக்கு வரை எட்டு வருஷம்! நம்ம பி.இ.யை ரெண்டு தடவை படிச்சு முடிக்கிற காலம்.

ட்ரிப்லெட் பேப்பரின் முதல் பெயர் டேனியல் டிப்பன். பேப்பர் வந்தப்போ அவரும் பி.எச்டி. மாணவர். ஆயிரம் மடங்கு அவர் கணக்கில் ஏறியாச்சு. மைக்ரோ செகண்டு மில்லி செகண்டாக இன்னொரு ஆயிரம் மடங்கு வேணும். மில்லி செகண்டு ஒரு முழு செகண்டாக அதுக்கு மேல இன்னொரு ஆயிரம். அந்த ரெண்டு ஆயிரமும் இப்போதைக்கு யார் பேரிலும் இல்லை.